கை கன்னத்தில் பட வேண்டும்

சங்கரன்கோவில்
ஞாயிறு, ராத்திரி

அன்பு மகளுக்கு,

நீ உண்டிவில் அடிப்பதை எடுத்து அனுப்பிய வீடியோவை வெள்ளிக்கிழமையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடையில் பஞ்சர் ஒட்டுகிற நேரத்தில்கூட போனை டயர் மேல் சாய்த்து வைத்துப் பார்த்தேன். இதைப் போனிலேயே சொல்லலாம். ஆனால் போனை எடுத்தால் சாப்பிட்டாயா, ஜெர்மனியில் குளிர் எப்படி என்று பேச்சு போய்விடுகிறது, அம்மா வாங்கிக்கொள்கிறாள். கைப்பழக்கம் சம்பந்தப்பட்ட விஷயம் எழுத்தில் இருந்தால்தான் திரும்பத் திரும்பப் பார்க்க முடியும்.

பத்துக் குண்டில் மூன்றுதான் டப்பாவில் படுகிறது, மற்றதெல்லாம் இடப்பக்கமாகக் கீழே போகிறது, உண்டிவில்லில் கோளாறு போல, வேறு வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே தாயி. உண்டிவில் நன்றாக இருக்கிறது. ஒன்று, இரண்டு, ஐந்து, இந்த மூன்றும்தான் பட்டன. அந்த மூன்றையும் நிறுத்திப் பார். உன் வலது ஆள்காட்டி விரலின் கணு கன்ன எலும்பில் ஒட்டியிருக்கிறது. இப்போது ஏழாவதைப் பார். கைக்கும் கன்னத்துக்கும் நடுவில் பின்னாலிருக்கும் செங்கல் சுவர் தெரிகிறது. ஒரு விரல் அளவு இடைவெளி. கோளாறு அங்கேதான்.

கணக்காகவே சொல்கிறேன், உனக்குக் கணக்குப் பிடிக்கும். கவட்டையிலிருந்து, அதாவது ரப்பர் கட்டியிருக்கிற இரண்டு கிளைக் கட்டையிலிருந்து, உன் கன்னம் வரை 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். டப்பா 10 மீட்டரில் இருக்கிறது. அதாவது பன்னிரண்டரை மடங்கு தூரம். கை கன்னத்தை விட்டு ஒரு சென்டிமீட்டர் வலப்பக்கம் விலகினால், குண்டு அங்கே 12.5 சென்டிமீட்டர் இடப்பக்கம் போய் நிற்கும். டப்பாவின் அகலம் அதில் பாதிதான் இருக்கும். கண் சரியாகத்தான் பார்க்கிறது, ஆனால் குண்டு கண்ணிருக்கும் இடத்திலிருந்து கிளம்பவில்லை, கையிருக்கும் இடத்திலிருந்து கிளம்புகிறது. இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால்தான் பார்த்த இடத்தில் படும்.

கீழே இறங்குவதற்கும் அதுவேதான் காரணம். கை கன்னம் வரை வராவிட்டால் ரப்பர் குறைவாக இழுபடுகிறது, வேகம் குறைகிறது. நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் போகிற குண்டு 10 மீட்டர் போவதற்குள் 14 சென்டிமீட்டர் தாழும். 50 ஆகக் குறைந்தால் 20 சென்டிமீட்டர் தாழும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நீளத்துக்கு இழுத்தால், எந்தத் தாழ்வுக்கு எவ்வளவு ஏற்றிப் பிடிப்பாய்? கையை வைக்க ஒரே இடம் வேண்டும். கணு கன்ன எலும்பில், கட்டைவிரல் நகம் வாயோரத்தில். இரண்டும் பட்டதா என்று தோல்தான் சொல்ல வேண்டும், கண்ணால் பார்க்கக் கூடாது. கண் டப்பாவிலேயே இருக்கட்டும்.

கை ஏன் விலகுகிறது? எனக்கு இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று, ரப்பர் உனக்கு மிஞ்சியது. எட்டாவது குண்டில் தோள் ஏறிக் காதைத் தொடுகிறது, கவட்டை பிடித்த கை நடுங்குகிறது. தோள்வலி என்று அம்மாவிடம் சொன்னாயாமே. தடித்த ரப்பர் என்றால் வேகம் கூடும் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். குண்டு கனமாக இருந்தால்தான் அது சரி. ரப்பர் குண்டை மட்டும் தள்ளுவதில்லை, தன்னையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். லேசான குண்டுக்குத் தடித்த ரப்பர் போட்டால் மிச்சமிருக்கிற பலம் உன் கைக்குத்தான் திரும்பி வரும். விரல் மேல் ரப்பர் படாரென்று அடிக்கிறது என்றாயே, அது இதுதான்.

அரை மில்லிமீட்டர் தடிமனில் இயற்கை ரப்பர் பட்டை வாங்கு. கவட்டைப் பக்கம் 20 மில்லிமீட்டர், குண்டு வைக்கிற தோல் பக்கம் 12 மில்லிமீட்டர் என்று சரிவாக வெட்டு. கத்தரிக்கோல் வேண்டாம், விளிம்பில் பல் பல்லாகப் பிசிறு விழும், அங்கேதான் பின்னால் கிழியும். புது பிளேடும் இரும்பு ஸ்கேலும் வைத்து ஒரே இழுப்பில் வெட்டு. நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு: கவட்டையிலிருந்து கன்னம் வரைக்கும் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்கு. உனக்கு 16 சென்டிமீட்டர், கட்டுவதற்கு விடுகிற நுனி தனி. இரண்டு பட்டையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சேர்த்தே வெட்டினால் வித்தியாசம் வராது.

நம் கடையில் பிள்ளைகள் ட்யூப் கேட்டு வருவதைச் சின்னதில் பார்த்திருப்பாய். சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கீறி ஒரு முழம் கொடுப்பேன். இப்போது வருகிற ட்யூபெல்லாம் பெரும்பாலும் ப்யூட்டைல் என்கிற செயற்கை ரப்பர். காற்றைப் பிடித்து வைப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை, ட்யூபுக்கு அதுதான் வேண்டும். ஆனால் இழுத்துவிட்டால் சோம்பலாகத் திரும்பும். மரப்பாலில் செய்த ரப்பர் அப்படி இல்லை. ஒரு பட்டையைச் சட்டென்று இழுத்து உடனே உதட்டில் வைத்துப் பார், சூடு தெரியும். சுருங்கவிட்டு வை, குளிர்ந்திருக்கும். அதனால்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டு யோசிக்காதே என்கிறேன். நேரம் போகப் போக அந்தச் சூடு ஆறி ரப்பரின் பலம் வடிந்துகொண்டே இருக்கும். இழு, கன்னம், டப்பா, விடு. இரண்டு மூன்று நொடிக்குள் முடிய வேண்டும். முடியவில்லையா, இறக்கிவிட்டு மறுபடி இழு. உன் ஊர்க் குளிரில் ரப்பர் இன்னும் மந்தமாகும். பட்டையை வெளியே மேஜையில் வைக்காமல் கோட்டுக்குள் வைத்திருந்து அடிக்கப் போகும்போது எடு.

இரண்டாவது காரணம் பயம். நீ சொல்லவில்லை, ஆனால் விடுகிற நேரத்தில் கண்ணை மூடுகிறாய். முகத்துக்குப் பக்கத்தில் ரப்பர் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். என் இடது புருவத்தில் இருக்கிற தழும்பு சைக்கிளில் விழுந்தது என்று சொல்லியிருந்தேன். அது பொய். பன்னிரண்டு வயதில் கொய்யாக் கவட்டையில் பழைய ட்யூப் கட்டி, புளியமரத்தடியில் நின்று இழுத்தேன். கட்டின இடத்தில் வெடிப்பு இருந்தது, முந்தின நாளே பார்த்தேன், பரவாயில்லை என்று விட்டேன். கவட்டைப் பக்கமே அறுந்து வந்து அடித்தது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். ரத்தத்தோடு வீட்டுக்குப் போனால் ஆச்சி அடிப்பாள் என்று சைக்கிளில் விழுந்ததாகச் சொன்னேன். அதே பொய் உன் வரைக்கும் வந்துவிட்டது.

ஆகவே கண்ணாடி போடாமல் ஒரு குண்டுகூட விடாதே. வெயில் கண்ணாடி இல்லை, பட்டறையில் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடி. ஒவ்வொரு நாளும் முதல் இழுப்புக்கு முன்னால் பட்டையை வெளிச்சத்தில் பாதி இழுத்து, கவட்டையில் கட்டிய இடத்தையும் தோலில் கட்டிய இடத்தையும் பார். ஊசி முனையளவு கீறல் இருந்தாலும் அவிழ்த்துப் போடு. வெயிலும் எண்ணெயும் ரப்பருக்கு எமன். முகப்பவுடர் தூவி இருட்டான டப்பாவில் வை. ரப்பரும் கண்ணாடியும் நம்பும்படி இருந்தால் கண் தானாகத் திறந்திருக்கும், கை தானாகக் கன்னத்துக்கு வரும். பயப்படாதே என்று வெறும் வாயால் சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை.

குண்டை விடுகிற விதம் பற்றி. உன் கட்டைவிரல் கடைசி நேரத்தில் தோலைச் சுண்டுகிறது. மூன்றாவது குண்டில் தெளிவாகத் தெரிகிறது, தோல் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு போகிறது. தோலைக் கிள்ளிப் பிடிக்காதே. குண்டைப் பிடி, தோல் நடுவில் அகப்பட்டிருக்கிறது அவ்வளவுதான். குண்டு தோலின் சரிபாதியில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள். விடும்போது விரலைத் திறக்கிறோம் என்ற நினைப்பே வேண்டாம், பிடியைத் தளர்த்து, ரப்பர் தானாக எடுத்துக்கொண்டு போகும். விட்ட பிறகு கவட்டை பிடித்த கை குண்டு போய்ப் பட்ட சத்தம் கேட்கிற வரைக்கும் அசையக் கூடாது. பட்டதா என்று பார்க்கிற ஆசையில் நீ கையை இறக்குகிறாய்.

இதெல்லாம் சரிசெய்த பிறகும் ஒரே பக்கம் போனால் இதைச் செய். கவட்டையை நிமிர்த்திப் பிடித்துப் பத்துக் குண்டு அடி. பிறகு வலப்பக்கமாகப் படுக்க வைத்து, உன் இடப்பக்கத்து ரப்பர் மேலே வரும்படி பிடித்துப் பத்துக் குண்டு அடி. நிமிர்த்தியபோது இடப்பக்கம் போனது படுக்க வைத்ததும் மேலே போனால், அந்தப் பக்கத்து ரப்பர் குட்டையாக இருக்கிறது, அவிழ்த்துக் கட்டு. படுக்க வைத்தாலும் இடப்பக்கமே போனால் பிழை உன்னிடம்தான். நான் ஒரு வாரம் மரத்தைக் குறை சொல்லித் திரிந்த பிறகு கண்டுபிடித்தது இது. எப்போதும் படுக்க வைத்தே பழகுவது உனக்கு நல்லது. இரண்டு ரப்பரும் ஒரே நேர்க்கோட்டில் டப்பாவைக் காட்டும், இடம் வலம் குழப்பம் தீர்ந்துவிடும். மேல் கீழ் மட்டும்தான் மிச்சம், அது கவட்டையின் மேல்நுனியைப் பார்த்துப் பழகப் பழக வந்துவிடும்.

கற்களைத் தொடாதே, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வளையும். கோலிக்குண்டும் வேண்டாம், சுவரில் பட்டால் சில்லாகத் தெறிக்கும். நான் கொடுத்தனுப்பிய சைக்கிள் பால்ஸ் பின்சக்கரத்துடையது, கால் அங்குலம், ஒரு கிராம்தான் வரும், விரலுக்கு அகப்படவே அகப்படாது. எட்டு மில்லிமீட்டர் இரும்புக் குண்டு வாங்கு, இரண்டு கிராமுக்குச் சற்று மேலே. கை பழகின பிறகு ஒன்பதரை மில்லிமீட்டர், அது மூன்றரை கிராம். முன்கையில் தாங்குகிற கம்பி வைத்த உண்டிவில் ஜெர்மனியில் தடை என்றாயே, நல்லதுதான், அது இல்லாமல் பழகினால்தான் மணிக்கட்டு உரப்படும்.

இன்னும் ஒரு மாதத்துக்கு டப்பாவை மற. ஐந்து மீட்டரில் பெரிய காகிதம் ஒட்டி, நடுவில் ஒரு புள்ளி வை. புள்ளியில் படுகிறதா என்று பார்க்காதே, ஓட்டைகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் விழுகிறதா என்று பார். ஓரத்தில் ஒரு கைப்பிடிக்குள் பத்து ஓட்டையும் விழுந்தால் நீ கெட்டிக்காரி, அந்தக் கூட்டத்தை நடுவுக்கு நகர்த்துவது அரை மணி வேலை. காகிதம் முழுக்கச் சிதறி, அதில் ஒன்று புள்ளியில் பட்டால் அது அதிர்ஷ்டம். ஒரு நாளைக்கு முப்பது குண்டு போதும். தோள் களைத்த பிறகு அடிக்கிற ஒவ்வொன்றும் தப்பைத்தான் பழக்கும்.

சின்னப் பிள்ளையில் நாங்கள் ஓணான் அடித்தோம், மாங்காய் அடித்தோம். மாங்காயில் காம்பைத்தான் பார்ப்போம், காயைப் பார்த்தால் காய் சிதைந்துவிடும். ஓணானை நினைத்தால் இப்போதும் மனசு சரியில்லை. கடைக்கு ட்யூப் கேட்டு வருகிற பையன்களிடம் பறவையைத் தொடக் கூடாது, 1972இலிருந்தே சட்டம் இருக்கிறது என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.

உனக்கு எட்டு வயதிருக்கும்போது அண்ணனுக்குக் கட்டிக் கொடுத்த கவட்டையை நீ கேட்டாய். பொட்டப் பிள்ளைக்கு எதற்கு என்று ஆச்சி சொன்னாள், நான் வாயைத் திறக்கவில்லை. நீ அழவும் இல்லை, வாசல்படியில் உட்கார்ந்து அவன் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். தினைப்புனத்தில் கிளி ஓட்டின குறிஞ்சிப் பெண்கள் கையிலும் கவண்தான் இருந்தது என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அது கயிற்றில் சுழற்றி எறிகிற கவண். அமெரிக்காவில் குட்இயர் என்பவர் 1839இல் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதம் கண்டுபிடித்த பிறகுதான் நம்முடைய இந்த உண்டிவில்லே வந்தது. இந்த வேலை பெண்கள் கைக்கு மிகப் பழையது. அவன் அதை ஒரு மாதத்தில் தொலைத்துவிட்டான். நீ முப்பத்தொரு வயதில் தனியாக ஒன்று வாங்கி, தனியாகப் பழகி, மூன்று குண்டு அடித்து எனக்கு அனுப்புகிறாய். அந்த மூன்றையும் நான் எத்தனை தரம் பார்த்தேன் என்று கணக்கில்லை.

பார்சலில் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்று வரும், உடுத்த அல்ல. நாலாக மடித்து, ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் மேல் ஓரத்தில் மட்டும் கிளிப் போட்டுத் தொங்கவிடு. கீழே கட்டாதே, இறுக்கினால் குண்டு திரும்பி வரும். தளர்வாகத் தொங்கினால் குண்டு சேலையில் பட்டு அப்படியே பெட்டிக்குள் விழும், பொறுக்கிக்கொள்ளலாம். காகிதத்தைப் பெட்டியின் வாயில் ஒட்டு. வீட்டுக்காரப் பாட்டி தோட்டத்துக்கு வரும் நேரம் கேட்டு வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் எதையும் எடுக்காதே.

அடுத்த வீடியோவை முன்னாலிருந்து எடுக்காதே. வலப்பக்கம், முகத்தின் உயரத்தில் போனை வை. கையும் கன்னமும் மட்டும் தெரிந்தால் போதும், பட்டதா படவில்லையா என்பதை நீ சொல்ல வேண்டாம், நானே பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா