டெஸ்டோஸ்டிரோன் எழுதும் மருத்துவர்களுக்கு, ரத்தம் எடுப்பவனின் மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவன். உங்கள் சீட்டோடு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறவர்களின் ரத்தம் கெட்டியாவதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஜிம்மில் மாஸ்டர் சொன்னார் என்று போட்டுக்கொள்கிறவர்கள் கதை தனி.

நம் ஊரில் ரத்தம் குறைந்தால்தான் பயம். பேரீச்சம்பழம், பீட்ரூட், முருங்கைக்கீரை என்று வீடே கிளம்பிவிடும். கூடினால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஹீமோகுளோபின் 18.5 என்று வந்தால், "பரவாயில்லையே, நல்லா ரத்தம் ஊறியிருக்கு" என்று சந்தோஷமாக ரிப்போர்ட்டை மடித்து வைத்துக்கொள்கிறார்கள். அதே தாளில் கொஞ்சம் கீழே பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம், 56 என்று இருக்கும். அதை யார் படிக்கிறார்கள்?

அந்த ரத்தத்தைச் சுழற்றி எடுத்தால் குழாயில் பாதிக்கு மேல் சிவப்பணுதான் நிற்கும். உறைதல் நேரம் பார்க்கும் நீல மூடிக் குழாயில் எங்களுக்கு இன்னொரு தலைவலி. அதிலுள்ள சிட்ரேட், ரத்தம் குழாயில் உறையாமலிருக்கச் சேர்ப்பது, சாதாரண ரத்தத்துக்கு அளந்து வைத்தது. பி.சி.வி. 55-ஐத் தாண்டினால் பிளாஸ்மா குறைவு என்பதால் சிட்ரேட் மிஞ்சிவிடும். ரத்தம் உறையத் தாமதமாவதுபோல் பொய்யாகக் காட்டும். கெட்டியான ரத்தம் ரிப்போர்ட்டில் நீர்த்த ரத்தமாகத் தெரியும். சிட்ரேட்டைக் குறைத்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்.

இரும்புச்சத்தைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடினை டெஸ்டோஸ்டிரோன் அடக்குவதும், சிவப்பணுவை உண்டாக்கச் சொல்லும் எரித்ரோபொய்டினைத் தூண்டுவதும் நீங்கள் படித்ததுதான். தோலில் தடவும் ஜெல்லைவிட, வாரங்கள் இடைவெளி விட்டுப் பெரிய டோஸாகப் போடும் ஊசியில் பி.சி.வி. அதிகம் ஏறுகிறது. சிகரெட்டோ, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று வரும் தொல்லையோ சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

"டெஸ்டோஸ்டிரோன் பற்றிய ட்ராவர்ஸ் ஆய்வு வந்துவிட்டதே, இதயத்துக்கு ஆபத்தில்லையே" என்பீர்கள். சரி. 2023-இல் வந்த அந்த ஆய்வில், இதய நோயோ அதற்கான அபாயமோ உள்ள 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. 2025-இல் அமெரிக்க மருந்து நிர்வாகமும் இந்த மருந்துக்கான இதய ஆபத்து எச்சரிக்கையைத் தளர்த்தியது; கூடவே ரத்த அழுத்தம் ஏறும் என்ற எச்சரிக்கையைச் சேர்த்தது. ஆனால் அதே ஆய்வில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறும், நுரையீரலில் ரத்தக்கட்டியும் மருந்து எடுத்தவர்களிடம் அதிகம். அதைவிட முக்கியம், அங்கே கொடுத்தது ஜெல். பி.சி.வி. 54-ஐத் தாண்டவிடாமல் டோஸைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொண்டார்கள். கண்காணிப்போடு கிடைத்த முடிவை, கண்காணிப்பே இல்லாத ஊசிக்குச் சான்றாகக் காட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்புறம் இந்த ரத்ததான யோசனை. "ஒரு யூனிட் கொடுத்துவிடு, இறங்கிவிடும்" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். இறங்கும்தான், மூன்று புள்ளி போல. ஊசி அதே டோஸில் தொடர்ந்தால் திரும்ப ஏறும். நம் நாட்டில் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் தானம் கொடுக்க முடியும். அடிக்கடி கொடுத்தால் இரும்புச்சத்தும் காலியாகும். பி.சி.வி. உச்சத்தில், இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பாதாளத்தில், ஆள் சோர்ந்துபோய், ஊசி வேலை செய்யவில்லை என்று டோஸைக் கூட்டச் சொல்லி வந்து நிற்பார். குறைக்க வேண்டியது டோஸை, அல்லது மாற்ற வேண்டியது மருந்தின் வடிவத்தை.

எங்கள் கோரிக்கை சின்னது. ஊசி தொடங்கும் முன் ஒரு சி.பி.சி. (முழு ரத்த அணுப் பரிசோதனை) பாருங்கள், பி.சி.வி. அப்போதே 48-க்கு மேல் என்றால் காரணம் தேடுங்கள். தொடங்கிய மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒன்று, பிறகு வருடம் ஒன்று. இதை வாயால் சொன்னால் மறந்துபோகும், சீட்டில் ஊசியின் பெயருக்குக் கீழேயே தேதியோடு எழுதுங்கள். 54-ஐத் தாண்டினால் நாங்களே போன் செய்கிறோம். வரவேற்பில் இருப்பவரிடம் சொல்லி வையுங்கள், லேபிலிருந்து என்றால் இணைப்பைக் கொடுக்கும்படி.

இப்படிக்கு,
ஓர் ஆய்வகத் தொழில்நுட்பர்