வரன் பக்கமும் கல்லறைச் சுவரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை வரன் பகுதியைப் பற்றி எழுதுகிறேன். விளம்பரம் வெளியிடுவதற்காக உங்களைக் குறை சொல்ல வரவில்லை. அதைக் கொடுக்கிற எங்கள் ஆட்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. நான் பிறந்ததிலிருந்தே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள், நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

எங்கள் பக்கத்து வீட்டு டீச்சர் இந்து. ஆனால் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்ததால் எங்கள் பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். போன மாதம் அவர் பேப்பரும் கையுமாக வந்து ஒரு விளம்பரத்தைக் காட்டினார். "இரட்சிக்கப்பட்ட, ஜெப வாழ்க்கையுள்ள மணமகள் தேவை. சொந்த இனம் மட்டும்." இரண்டும் ஒரே விளம்பரத்தில், அடுத்தடுத்த வரியில். "ஏன் சிஸ்டர், உங்க ஏசு எல்லாரும் ஒண்ணுன்னுதானே சொல்லுதாரு? அப்புறம் இது என்ன?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. என்ன இருக்கிறது சொல்ல?

எங்கள் வீட்டிலும் தம்பி மகளுக்கு வரன் பார்க்கிறோம். அவளுக்கு விளம்பரம் கொடுத்தால் இனம் என்ற சொல்லே அதில் இருக்காது என்று முடிவு செய்திருக்கிறோம். சொந்தக்காரர்கள் சிலருக்கு வருத்தம்தான். இருக்கட்டும்.

இந்த நோய் நேற்று வந்ததல்ல. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-லேயே தென்னிந்தியச் சபைகளில் சாதியை உடனே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. சாதியை விட மனமில்லாதவர்கள் சபையை விட்டு விலகினார்கள். ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகப்போகிறது. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கர் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் வைத்து, தலித் கிறிஸ்தவர்களை ஒரு பக்கமும் மற்றவர்களை இன்னொரு பக்கமும் புதைத்த கதை ஊரறிந்தது. உளுந்தூர்ப்பேட்டை அருகே எறையூரில், பாகுபாடு தாங்காமல் தலித் மக்கள் தங்களுக்குத் தனிப் பங்கு, அதாவது தனிச் சபை, கேட்டார்கள். அது இரு சாதிக் கிறிஸ்தவர்களுக்கு இடையே கலவரமாகி, 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர் போனது. இரு தரப்பும் ஒரே மாதாவிடம் ஜெபமாலை சொல்கிறவர்கள்.

இதில் எனக்கு ரொம்பவும் வலிக்கிற இடம் ஒன்று உண்டு. 1950-ம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி பட்டியல் சாதி சலுகை ஏறக்குறைய இந்துக்களுக்கு மட்டும்தான் இருந்தது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்களுக்கு இன்றுவரை இல்லை. அவர்கள் கேட்பது முழுக்க நியாயம். சபைகளும் அவர்களோடு சேர்ந்துதான் கேட்கின்றன. ஆனால் கோர்ட்டில் நாங்கள் என்ன சொல்ல வேண்டியிருக்கிறது? மதம் மாறினாலும் சாதிக் கொடுமை தீரவில்லை, சபைக்குள்ளும் இருக்கிறது என்று. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சொல்வதோ, கிறிஸ்துவுக்குள் நாமெல்லாரும் ஒன்று என்று. வெளியில் இருக்கிறவர் இரண்டையும் கேட்கிறார். அவர் எதை நம்புவார்?

"மனுஷரைப் பார்க்காதே, இயேசுவைப் பார்" என்று எங்கள் போதகர்கள் சொல்வார்கள். சபைக்குள் இருக்கிறவருக்கு அது ஆறுதலாக இருக்கலாம். பைபிளைத் திறந்தே பார்க்காத பக்கத்து வீட்டுக்காரருக்கு எங்களைத் தவிர வேறு யாரைத் தெரியும்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் தொழுநோய் வார்டில் இருந்தேன். அங்கே வயதான ஒரு சிஸ்டர் தரையில் உட்கார்ந்து, தண்ணீரில் ஊறவைத்த நோயாளியின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். தடித்துப்போன தோலைக் கல்லால் மெதுவாகத் தேய்த்து, எண்ணெய் தடவி, விரலிடுக்கெல்லாம் பார்த்து, அப்புறம்தான் எம்.சி.ஆர். செருப்பை (உணர்ச்சியில்லாத காலுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) மாட்டிவிடுவார். உணர்ச்சியில்லாத காலில் முள் ஏறினாலும் நோயாளிக்குத் தெரியாது. அதனால் தினமும் பார்த்தே ஆக வேண்டும். ஒரு பெரியவர், "உங்க சாமி நல்ல சாமியாத்தான் இருக்கணும், தாயி" என்று அவரிடம் சொன்னதை நான் காதால் கேட்டேன். அந்தப் பெரியவர் மதம் மாறவில்லை, கடைசி வரை நெற்றி நிறைய திருநீறு பூசினார். சிஸ்டரும் அவரை மாறச் சொன்னதில்லை.

ஒடிசாவில் தொழுநோயாளிகளோடு வாழ்ந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும், அவருடைய பிள்ளைகள் பத்து வயது பிலிப்பையும், ஆறு வயது திமோத்தியையும் 1999 ஜனவரியில் மனோகர்பூரில் ஜீப்போடு எரித்தார்கள். அவருடைய மனைவி கிளாடிஸ் அம்மையார் கொன்றவர்களை மன்னிப்பதாகச் சொன்னார். உடனே ஊருக்குக் கிளம்பிவிடாமல், பாரிபதா தொழுநோய் இல்லத்து வேலையை மேலும் சில வருஷம் பார்த்தார். 2005-ல் அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. அன்று வார்டில் என்னோடு வேலை பார்த்த இந்து, முஸ்லிம் தோழிகள் அந்த அம்மாவைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுக்கும். எங்கள் கன்வென்ஷன் என்கிற நற்செய்திக் கூட்டம் எதற்கும் அவர்கள் வந்ததில்லை.

சிறுபான்மையினர் தாக்கப்படுகிற காலத்தில் வீட்டுக் குறையை ஊர்ப் பத்திரிகையில் எழுதலாமா என்று எங்கள் சபையாரே என்னைக் கேட்பார்கள். ஊருக்குத் தெரியாத எதை நான் எழுதிவிட்டேன்? சபைக் கமிட்டித் தேர்தல் அன்று ஆலய வாசலில் போலீஸ் வேன் நிற்பதைப் பஸ்ஸில் போகிறவர்களெல்லாம் பார்த்துக்கொண்டுதானே போகிறார்கள்? தாக்குகிறவர்களுக்கு நியாயம் கற்பிக்க நான் எழுதவில்லை. அவர்கள் செய்வது அநியாயம். எங்களுக்குள் இருக்கிற சாதிப் பாகுபாடு அதற்குக் காரணமும் இல்லை. ஆனால் எங்கள் பக்கம் நின்று பேசக்கூடிய டீச்சரைப் போன்றவர்களை நாங்களே வாயடைக்கச் செய்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு சபையில் கல்லறைத் தோட்டத்துக்கு இன்றைக்கும் சாதி பார்த்து இரண்டு வாசல். எந்தச் சபை என்று சொல்லப்போவதில்லை, அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் காம்பவுண்ட் சுவர், கல்யாண மண்டபம் என்று வாக்குறுதி தருவதற்கு முன்னால், அந்த வாசல்களில் ஒன்றை எப்போது அடைப்பார்கள் என்று எழுதிக் கொடுக்கட்டும். அங்கே ஓட்டு உள்ளவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பாளையங்கோட்டை.