படத்தில் இருப்பவரின் பெயர் படத்தோடு இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்ததிலிருந்து, பினாங்கில் எனக்குத் தெரிந்த பல குடும்பங்கள் பழைய கணினியை மாற்றி வருகின்றன. பல ஆண்டுகளாகச் சேர்த்த புகைப்படங்களை இனி எந்த மென்பொருளில் வைத்துத் திருத்துவது, எதில் ஒழுங்குபடுத்துவது என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் விலையையும் வண்ணம் கூட்டும் வசதிகளையும் பற்றியே விசாரிக்கிறார்கள். அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: படத்தின் கீழே நாம் எழுதும் பெயரும் ஊரும் ஆண்டும் எங்கே போய்ச் சேர்கின்றன?

என் தாயார் உயிரோடு இருந்தபோது, பத்து காவான் என்னும் ஊரின் தோட்டத்தில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ நானூறு கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்தேன். அவர் பக்கத்தில் அமர்ந்து, இவர் கிராணி (தோட்ட எழுத்தர்), இவர் எங்கள் லயத்துப் பெரியம்மா, ஆயாக்கொட்டகை வாசலில் நிற்பவள் பிறகு தைப்பிங்கில் வாழ்க்கைப்பட்டவள் என்று சொல்லச் சொல்ல, மூன்று மாத காலம் ஒவ்வொன்றையும் தட்டச்சு செய்தேன். பின்னர் கணினியை மாற்றியபோது படங்கள் அனைத்தும் வந்து சேர்ந்தன. பெயர்களில் ஒன்றுகூட வரவில்லை. நான் பயன்படுத்திய மென்பொருள் அவற்றைத் தனக்குரிய தரவுத்தளக் கோப்பில் மட்டும் எழுதி வைத்திருந்தது, அந்தக் கோப்பைப் படியெடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. தாயார் காலமாகிவிட்டதால் இன்று அந்த முகங்களில் பாதியை அடையாளம் காட்ட எங்கள் குடும்பத்தில் எவரும் இல்லை.

அசல் படத்தைத் தொடாமல், திருத்தங்களையும் குறிப்புகளையும் ‘கேட்டலாக்’ எனப்படும் தனிக்கோப்பில் சேமிப்பது இத்தகைய மென்பொருள்களின் பொதுவான வழக்கம். திருத்தம் பிடிக்காவிட்டால் அசலுக்குத் திரும்பலாம் என்பதால் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் மென்பொருள்கள் நிலைத்திருப்பதில்லை. கூகுள் தன் பட மென்பொருளான பிக்காசாவை 2016இல் நிறுத்தியது. ஆப்பிள் அப்பர்ச்சரின் விற்பனையை 2015இல் முடித்துக்கொண்டது. அடோபி, ஒருமுறை பணம் கட்டி வாங்கும் லைட்ரூமை 6ஆம் பதிப்போடு கைவிட்டு, 2017 முதல் புதிய பதிப்புகளைச் சந்தா வழியாகவே தருகிறது. போட்டோஷாப் எலிமெண்ட்ஸ் 2025 பதிப்புகூட மூன்றாண்டு உரிமத்தோடுதான் விற்பனைக்கு வந்தது. ஆகவே எதை வாங்கினாலும் ஒருநாள் அதை விட்டு வெளியேறுவோம் என்று எண்ணியே வாங்க வேண்டும்.

குறிப்புகளைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதுவதற்கு எக்ஸ்எம்பி என்னும் பொதுமுறை 2001 முதல் இருக்கிறது. சந்தா முறையில் வரும் லைட்ரூம் கிளாசிக்கில் அதற்கான அமைப்பு உண்டு, நாம்தான் அதை இயக்கிவைக்க வேண்டும். கட்டணமில்லாத டிஜிகேம் மென்பொருளிலும் அந்த வசதி இருக்கிறது; குடும்பப் படங்களுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. கூகுள் போட்டோஸில் எழுதும் விவரங்களோ படத்துக்குள் பதிவதில்லை. அனைத்தையும் தரவிறக்கும்போது அவை தனிக் கோப்புகளாகவே கைக்கு வருகின்றன.

தமிழில் எழுதுவோர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படத்துக்குள் குறிப்பெழுதும் ஐபிடிசி என்னும் பழைய முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட் (கணினி இடத்தை அளக்கும் அலகு) இடம்தான் உண்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும் என்றால், யூனிகோடின் வழக்கமான யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது. ‘க’வும் உகரக் குறியும் சேர்ந்த ‘கு’ என்ற ஓர் எழுத்துக்கே ஆறு பைட் ஆகிறது. ‘பத்து காவான் தோட்டம்’ என்பது அடங்கிவிடும். அதை ‘பத்து காவான் தோட்டத் தமிழ்ப்பள்ளி’ என்று நீட்டினால் பாதியில் வெட்டுப்படலாம். எக்ஸ்எம்பியில் இந்த வரம்பு இல்லை. நம் மலேசியாவிலேயே உருவான முரசு அஞ்சல் வந்த பிறகு தமிழில் தட்டச்சு செய்வது எளிதாகிவிட்டது. எழுதியது தங்குமா என்பதைத்தான் சோதிக்க வேண்டும். ஒரே ஒரு படத்துக்குத் தமிழில் பெயரெழுதி, பென்டிரைவில் ஏற்றி, வேறொரு கணினியில் வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். பெயர் முழுமையாகத் தெரிந்தால் மட்டுமே மற்ற படங்களைத் தொடுங்கள்.

புதிய பதிப்புக்கு மாறுவோர், மாறுவதற்கு முன்பே கேட்டலாக் கோப்பையும் படங்களையும் தனி வன்தட்டில் படியெடுத்து வைக்க வேண்டும். புதிய பதிப்பு மாற்றியமைத்த கேட்டலாக்கைப் பழைய பதிப்பால் திறக்க முடியாது. சந்தாவைக் கண்டு அஞ்சுவோருக்கு ஒரு சொல்: லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா முடிந்தாலும் படங்களைப் பார்க்கவும் வெளியே எடுக்கவும் முடியும், ஆனால் திருத்தும் பகுதி பூட்டப்படும்.

தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் இத்தகைய மென்பொருள்களை அறிமுகப்படுத்தும்போது, தமிழ்ப் பெயர்கள் படத்துக்குள் பதிகின்றனவா, வேறு மென்பொருளுக்கு மாறும்போது உடன் வருகின்றனவா என்பதையும் சோதித்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். செபராங் பிறையில் மூடப்பட்ட தோட்டங்களின் படங்கள் இன்னும் பல வீடுகளின் இரும்புப் பெட்டிகளில் கிடக்கின்றன. அந்த முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடிய பாட்டிமார் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை எழுதி வைக்க முன்வருபவர்களுக்கு நான் இழந்தது நேரக்கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.