ஏப்ரல் 30-க்குள் ஐந்தேகால் லட்சம்: லிண்டல் சீரமைப்புக்கு நன்கொடை வேண்டுகோள்

இயேசுவில் அன்பான ஊர் மக்களுக்கும், கொச்சியிலும் வளைகுடாவிலும் பிழைப்புக்காக இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஊர்க் கமிட்டியின் வணக்கம்.

நேராகவே விஷயத்துக்கு வருகிறோம். கதவு, ஜன்னல்களுக்கு மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் சட்டங்களான லிண்டல்கள் நம் வீடுகளில் வெடித்து நிற்கின்றன. அவற்றைச் சரிசெய்யும் வேலைக்கு இன்னும் 5,24,500 ரூபாய் குறைகிறது. ஏப்ரல் 30-க்குள் அது கையில் வந்தாக வேண்டும். ஏன் அந்தத் தேதி என்று கேட்பவர்களுக்குக் கீழே விளக்கம் இருக்கிறது. கேட்காமலே தருகிறவர்கள் மேற்கொண்டு படிக்காவிட்டாலும் எங்களுக்கு வருத்தம் இல்லை.

பிப்ரவரியில் குருசடிக்குத் தெற்கே ஒரு வீட்டில் நடந்தது ஊருக்கே தெரியும். மத்தியான நேரம். முன் ஜன்னலின் சன்ஷேடு லிண்டலோடு சேர்ந்து பெயர்ந்து விழுந்தது. அந்த நிழலில்தான் அந்த வீட்டு அம்மா தினமும் உட்கார்ந்து நெத்திலி ஆய்வார். அன்றைக்குச் சந்தையில் இருந்து வரத் தாமதமானதால் உயிர் தப்பினார். விழுந்த துண்டைக் கமிட்டிக்காரர்கள் போய்ப் பார்த்தோம். உள்ளே எட்டு மில்லி கம்பி இருந்ததாகச் சொன்னார்கள். நாங்கள் பார்த்தது செதில் செதிலாகப் பொரிந்த செம்மண் நிறத் துருதான். ஒரு முனையைக் கையால் வளைத்தபோது பப்படம்போல ஒடிந்தது. கம்பிக்கும் வெளிப்பூச்சுக்கும் நடுவே கான்கிரீட் அரை இஞ்சுகூட இல்லை.

அதற்கு முன்பே, ஜனவரியில், நம் ஊர்ப் பிள்ளையான ஓர் இன்ஜினீயரும் இரண்டு கொத்தனார்களும் சம்பளம் வாங்காமல் வீடு வீடாகச் சுத்தியலோடு போனார்கள். லிண்டலின் அடியில் கம்பி போகிற வழியே நீளவாக்கில் விரிசல் இருக்கிறதா, பழுப்புக் கறை கசிந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்கிறதா என்றும் பார்த்தார்கள். 64 வீடுகளில் 212 இடங்கள் பழுது. அதில் 71 லிண்டல்களை எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பதைத் தவிர வழியில்லை. மீதி 141 இடங்களில் கெட்ட பாகத்தைக் கொத்தியெடுத்துச் சரிசெய்தால் போதும்.

பெரியவர்கள் இதைக் கேட்டு, "நாங்க கட்டின வீட்டுல இப்படி உண்டா?" என்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1544-இல் புனித சவேரியார் திருவிதாங்கூர்க் கரையில் ஊர் ஊராக நடந்து ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, இங்கே இருந்தவை ஓலைக் குடிசைகள்தான். பிறகு 1860-இல் திருவிதாங்கூர் அரசு அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாயை வெட்டத் தொடங்கி, முடிக்காமலே விட்டது. அன்றிலிருந்து நம் வீடுகளுக்கு மேற்கே கடல், கிழக்கே அந்த வாய்க்காலின் உவர்த் தண்ணீர். வலையும் தூண்டிலுமாகச் சேர்த்த காசில் நம் தாத்தாமார் வெட்டுக்கல் சுவர் எழுப்பி, வாசலுக்கு மேல் வைரம் பாய்ந்த பனங்கட்டையோ அயனிச் சட்டமோ வைத்தார்கள். விளவங்கோடு தாலுகா 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளில் நின்ற அப்படிப்பட்ட வீடுகளில் மூன்று இன்றும் நிற்கின்றன. கறையான் அரித்திருக்கிறது, கட்டை கருத்திருக்கிறது, ஆனால் இறங்கவில்லை. நீரோடி முதல் இரவிபுத்தன்துறை வரை இந்தக் கரை ஆழ்கடல் சுறாப் பிடிப்புக்குப் பேர்போனது. குஜராத் வரையும் லட்சத்தீவுக்கு அப்பாலும் போய்த் தூண்டில் போட்டுத் திரும்பியவர்கள் நம்மவர்கள். அவ்வளவு தூரம் கடலை அளந்தவன் வீட்டு ஜன்னலுக்குக் கீழே உட்காரப் பயப்பட வேண்டியிருக்கிறது என்றால் அது நமக்கு இழுக்குத்தான்.

கோளாறு கான்கிரீட்டில் இல்லை, அதை வார்த்த விதத்தில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எல்லாம் அவசரம். கூரை இல்லாமல் நின்ற நமக்கு வீடு கட்டித் தந்தவர்களைக் குறை சொல்ல நமக்கு நாவில்லை. ஆனாலும் அந்த அவசரத்தில் சில இடங்களில் கரை மணலே கலவைக்குப் போனது. கலக்கியதும் நனைத்ததும் உப்புக் கிணற்றுத் தண்ணீரில். அதற்குப் பின் நாமே கட்டிய மாடிகளும் இந்த விஷயத்தில் மோசம்தான், செலவை மிச்சம் பிடிக்க நாமும் அதே மணலைத்தான் அள்ளினோம். நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும்வரை கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் இருக்கும். உப்பு அதை அறுத்துவிடும். அப்புறம் துரு ஏறும். துருவுக்கு இரும்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே இடம் வேண்டும். உள்ளே இடமில்லாததால் அது கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. மணல் சுத்தமாக இருந்த வீடுகளிலும் கடற்காற்று மெல்ல மெல்ல அதே வேலையைச் செய்திருக்கிறது, கம்பிக்கு மேல் கனம் போதாததால். ஜன்னல் கம்பிகளை லிண்டலுக்குள்ளேயே ஏற்றிப் புதைத்த வீடுகள் முதலில் வெடித்தன.

இந்த முறை அந்தத் தவறுகள் வேண்டாம் என்று பேரவையில் முடிவெடுத்தோம். லிண்டலை அந்தந்த வீட்டில் பலகை அடித்து வார்ப்பதில்லை. கோயில் மைதானத்தில் ஒரே இடத்தில், இரும்பாலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்டும், பாறையை உடைத்துச் செய்த எம்-சாண்ட் மணலும், லாரியில் வரும் குடிதண்ணீரும் வைத்து, எம்-30 என்ற பலமான கான்கிரீட் தரத்தில் வார்க்கிறோம். கம்பியைச் சுற்றிக் கான்கிரீட் 45 மில்லி கனம். கடுமையான சூழலுக்குக் கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்லும் அளவு அதுதான். கம்பியை அச்சில் ஒட்டாமல் தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் கட்டைகளை வைக்காமல் கம்பி கட்டினால் அந்த அச்சில் கலவை போட விடுவதில்லை. இதற்காகக் கமிட்டிக்காரர் ஒருவர் எப்போதும் வெயிலில் நிற்கிறார். கொத்தனார்களுக்கு அவரைக் கண்டால் எரிச்சல், ஆனால் அவர் நகருவதாக இல்லை. ஐந்தடி நீள லிண்டல் ஒன்று ஏறக்குறைய 120 கிலோ. நாலு பேர் தூக்கி ஏற்றலாம். இருபுறமும் சுவரில் எட்டு இஞ்ச் உட்கார வேண்டும். மேலே கூரைக்கும் சுவருக்கும் ஜாக்கி முட்டுக் கொடுத்த பிறகே பழையதைத் தொட வேண்டும். தன்னிஷ்டத்துக்கு யாரும் இடித்துப் பார்க்க வேண்டாம்.

பழுது குறைந்த இடங்களில் கம்பிக்குப் பின்பக்கமும் விரல் போகிற அளவு கொத்தி, கம்பிப் பிரஷால் துருவைத் தேய்த்து, துத்தநாகப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையால் அடைக்கிறோம். சிலர் மேலே சிமெண்ட் பூசி பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறீர்கள். திருவிழாவுக்கு விருந்தாளி வருவார்கள் என்பது புரிகிறது. ஆனால் அந்தப் பூச்சுக்குள் துரு ஏறுவது நிற்காது, விழப்போகும் இடம்தான் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

இனிக் கணக்கு. ஒரு லிண்டல் மாற்ற 9,000 ரூபாய். வார்த்த லிண்டலுக்கு 2,600, இரண்டு கொத்தனார் ஒரு நாள் கூலி 2,400, இரண்டு கையாள் 1,800, ஜாக்கி, சாரம் வாடகை 700, பூச்சும் சில்லறையும் 1,500. 71-க்கு 6,39,000. ஒட்டுவேலை ஓரிடத்துக்கு 3,200 வீதம் 141-க்கு 4,51,200. தண்ணீர் லாரி, ஏற்றுக்கூலி, இடிபாடு அள்ளுவது 45,000. ஆகமொத்தம் 11,35,200. வரவு 6,10,700. துண்டு விழுவது மேலே சொன்ன 5,24,500. கமிட்டிக்காரர் யாரும் டீச்செலவுகூட இதில் எழுதவில்லை.

இதுவரை 40 லிண்டல் வார்த்து 26 ஏற்றியாகிவிட்டது. ஏப்ரல் 30-க்குள் பணம் வந்து, மீதி 31-ஐ மே 4-க்குள் வார்த்தால், 14 நாள் ஈரச்சாக்கு போட்டு நனைத்து, 18-ஆம் தேதியிலிருந்து ஏற்றத் தொடங்கலாம். நாளுக்கு மூன்று வீதம் ஏற்றினால் மாதக் கடைசிக்குள் முடியும். ஜூன் 1-ஆம் தேதியை ஒட்டி எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை இறங்கும். கடலும் ஏறும். கரையோர வீட்டுக்காரர்கள் மூட்டையோடு உள்வீடுகளில் வந்து தங்குவார்கள். அப்படி ஒரு வீட்டில் பத்துப் பதினைந்து பேர் படுத்திருக்கும்போது ஜன்னலுக்கு மேலே சுவரைத் திறந்து வைக்க முடியுமா?

"ஜூனில் மீன்பிடித் தடைக்காலம்தானே, ஆண்கள் எல்லாம் வீட்டில் இருப்பார்கள், அப்போது செய்தால் கூலி மிச்சம்" என்று அன்பியக் கூட்டத்தில் (பங்கின் குடும்பக் குழுக் கூட்டத்தில்) ஒரு யோசனை வந்தது. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடிப் போட்டுகள் கட்டிக்கிடக்கும்போது யார் கையில் நன்கொடை கொடுக்கக் காசு இருக்கும்? இப்போது, ஈஸ்டர் கழிந்து தங்கல் (பல நாள் கடலில் தங்கிப் பிடிக்கும் தொழில்) முடித்துப் போட்டுகள் கொச்சி ஹார்பரில் வந்து அடையும் இந்த நாட்களில்தான் நமக்குக் கை ஓடும்.

ஏற்கனவே கொடுத்தவர்களை மறந்தால் ஆண்டவர் பொறுக்க மாட்டார். முதல் காசு தந்தவர்கள் தலைச்சுமடாக மீன் விற்கும் நம் அம்மாமார். சனிக்கிழமைதோறும் ஆளுக்கு 100 ரூபாய், முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். மழை பெய்த வாரத்திலும் விடவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு மாதப் பென்ஷனை உறை பிரிக்காமலே தந்தார். கொச்சியில் தொழில் செய்யும் ஏழு போட்டுகளின் தொழிலாளிகள் ஒரு தங்கலின் மீன் பங்கை அப்படியே அனுப்பினார்கள், முதலாளி சொல்லி அல்ல, தங்களுக்குள் பேசி. தேங்காய்ப்பட்டணத்து இஸ்லாமியச் சகோதரர் ஒருவர் நோன்பு நாளில் 30 மூட்டை சிமெண்ட் இறக்கிவிட்டு, பெயர் எழுத வேண்டாம் என்று போனார். எழுதவில்லை. ஆனால் திருப்பலியில் அவர் வீட்டுக்காக மன்றாடினோம். கொல்லங்கோட்டு லாரிக்காரர் இரண்டு நடை வாடகை வாங்கவில்லை. எல்லைக்கு அப்புறம் பொழியூரில் கட்டிக்கொடுத்த நம் பெண்பிள்ளைகள் பிறந்த ஊருக்கென்று சேர்த்து அனுப்பியது 18,500. முதல் நற்கருணைக் குழந்தைகள் உண்டியலை உடைத்து 2,340 ரூபாய் சில்லறையாகக் கொட்டினார்கள். எண்ணி முடிக்கப் பொருளாளருக்கு ஒரு சாயங்காலம் போனது. இன்னும் ஒருவரை இங்கே சொல்லியாக வேண்டும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் கணவரை இழந்தவர், தன் வீட்டிலேயே இரண்டு லிண்டல் பழுதாக இருக்க, 1,000 ரூபாய் கொண்டுவந்தார். வாங்க மனம் வரவில்லை. "ஊர் எனக்குச் செஞ்சது இதைவிடப் பெரிசு" என்றார். வாங்கினோம்.

இதை எழுதிவிட்டு மற்றதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. திருவிழாவுக்கு மைக் செட்டுக்கும் சீரியல் லைட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் கணக்குப் பார்க்காமல் நீண்ட கைகள் சில இந்த நோட்டில் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. மார்பிள் தரையும் இரட்டை மாடியும் ஆண்டவர் தந்தது, சந்தோஷம். அந்த மாடியிலிருந்து பார்த்தால் முட்டுக்கட்டை கொடுத்த ஜன்னல்கள் வரிசையாகத் தெரியும். மணல்மேல் வீடு கட்டியவன் உவமை வாசிக்கப்படும் ஞாயிறுகளில் நம் கோயிலில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம், பாறைக்கு நாம் எங்கே போவது என்று. ஒருவர் சுமையை ஒருவர் தாங்குங்கள் என்று பவுலடியார் எழுதியது இப்படி மணலில் வாழ்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

வசதி உள்ள குடும்பங்கள் ஒரு லிண்டலை, அதாவது 9,000 ரூபாயை, ஏற்றுக்கொள்ளக் கேட்கிறோம். முடியாதவர்கள் ஓர் ஒட்டுவேலை, 3,200. அதுவும் முடியாவிட்டால் ஒரு கையாள் கூலி, 900. பணமே இல்லாதவர்கள் சாக்கு நனைக்க வரலாம். காலையிலும் மாலையிலும் தலா ஒரு மணிநேர வேலை, ஆள் போதவில்லை. பழுது உள்ள வீட்டுக்காரர்களில் முடிந்தவர்கள் தங்கள் பங்காக 1,000 கட்டும்படி ஏற்கனவே சொல்லியிருக்கிறோம். முடியாத வீட்டில் இதைக் கேட்டு யாரும் வாசலில் நிற்க மாட்டார்கள், அந்த வீட்டு வேலையும் நிற்காது.

பணத்தைப் பொருளாளரிடமோ அன்பியத் தலைவிகளிடமோ கொடுங்கள். வெளியூரில் உள்ளவர்கள் வீட்டார் மூலம் கொடுத்தால் போதும், வங்கி விவரம் பங்கு அலுவலகத்தில் கிடைக்கும். கமிட்டி முத்திரை இல்லாத ரசீதுக்கு யாரிடமும் காசு கொடுக்க வேண்டாம். வரவும் செலவும் ஒவ்வொரு ஞாயிறும் இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு கோயில் முகப்புப் பலகையில் ஒட்டப்படும். எந்த வீட்டில் எந்த ஜன்னல் முடிந்தது என்பதும் அதில் இருக்கும். பிப்ரவரி, மார்ச் மாத ரசீதுகளில் பதினொன்று இன்னும் வாங்கப்படாமல் அலுவலகத்தில் கிடக்கின்றன. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளவும்.

ஊர்க் கமிட்டிக்காக,
செயலாளர்