காலி உறையும் புது ரைஃபிளும்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத இன்றுதான் உட்கார முடிந்தது. அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்து இப்போது கோயில் வரைக்கும் நடக்கிறார் என்று எழுதியிருந்தாய், படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே டெக்சாஸில் செப்டம்பர் பிறந்தும் வெயில் இறங்கவில்லை. காலை ஏழு மணிக்கே காரின் ஸ்டீயரிங் சுடுகிறது.

கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாய்: "பெண்ணுக்கு ரைஃபிள் வாங்கப் போகிறாயாமே, செய்தியில் பார்க்கிற அதே சாமானா?" நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டிலும் அதே கேள்வி வந்து இரண்டு நாள் சமையலில் உப்பு கூடுதலாக இருந்தது. அது இல்லை. நம் என்.சி.சி. முகாமில் சுட்டோமே, பாயின்ட் டூ டூ, அதே ரவைதான். நாம் ஒவ்வொரு முறையும் போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை அடைக்கிற இரும்புத் தண்டை, இழுத்துத் தள்ளினோம். இதில் ரவை வெடிக்கிற வேகமே போல்ட்டைப் பின்னால் தள்ளி, காலி உறையை வெளியே எறிந்து, அடுத்ததை ஏற்றிவிடும். ஒரு முறை டிரிக்கரை இழுத்தால் ஒரு ரவை, அவ்வளவுதான். அதற்காக விளையாட்டுச் சாமான் என்று சொல்ல மாட்டேன். சின்ன ரவைக்கும் ஆளைக் கொல்லும் வலு உண்டு. இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறேன், ரவை வேறு இடத்தில், சாவி என்னிடம் மட்டும்.

அந்த முகாம் நினைவிருக்கிறதா? தார்ப்பாய் மேல் படுத்துக்கொண்டு, மணல் மூட்டையில் கையை ஊன்றி, ஆளுக்கு ஐந்து ரவை. சுட்டு முடித்ததும் ஹவில்தார் காலி உறைகளை எண்ணி வாங்குவார். நம் குழுவில் ஒன்று குறைந்து, இருட்டும்வரை பன்னிரண்டு பேரும் முட்டி போட்டு மணலைச் சலித்தோமே! இங்கே ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் சிமெண்டுத் தரை முழுக்க பித்தளை உறைகள் சிதறிக் கிடக்கும். கடைசியில் விளக்குமாற்றால் கூட்டி வாளியில் கொட்டிவிடுவார்கள். முதல் முறை பார்த்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. இந்தப் பாயின்ட் டூ டூ உறையை மறுபடி நிரப்பிப் பயன்படுத்த முடியாது, அதனால் அதற்கு மதிப்பில்லை.

நான் ரேஞ்சுக்கே தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன் என்பது உனக்குத் தெரியும். ஹெச்-1பி விசாவில் இருக்கிறவன் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே இங்கே மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் எடுத்தால் விலக்கு உண்டு. ஆனால் வேலை செய்ய வந்த இடத்தில் எதற்கு வம்பு என்று கிரீன் கார்டு வரும்வரை ஒதுங்கியே இருந்தேன். அப்புறம்தான் கடைக்குப் போய், படிவத்தில் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதி, அவர்கள் கணினியில் என் பின்னணியைச் சரிபார்த்து முடிக்கும்வரை காத்திருந்து முதல் ரைஃபிளை வாங்கினேன்.

அது ரூகர் 10/22. 1964-ல் வந்த வடிவம், இன்றும் பெரிதாக மாறாமல் விற்கிறது. இங்கே அது பாதி வீட்டில் இருக்கும் போல. போன மாதம் ரேஞ்சில் மரத்தடி மேசையைச் சுற்றி ஒரு சபை கூடியது. இன்னொரு கம்பெனி மலிவு விலையில் புது செமி ஆட்டோ, அதாவது அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்கிற ரைஃபிள், கொண்டுவரப் போகிறதாம். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பெண் பார்க்கப் போன வீட்டில் அத்தைமார் போடுகிற பட்டியல் தோற்றுவிடும். கனம் கூடாது, ஆனால் ஆடவும் கூடாது. விலை இருநூறு டாலருக்குள் இருக்க வேண்டும், ஆனால் பிளாஸ்டிக் போல் தெரியக்கூடாது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரம் போனதும் எல்லாப் பேச்சும் ஓரிடத்தில் வந்து நின்றது: கையில் கிடைக்கிற மட்டமான ரவையைப் போட்டாலும் சிக்காமல் ஓட வேண்டும்.

இது ஏன் பெரிய விஷயம் என்று உனக்குச் சொல்ல வேண்டும். பெரிய ரைஃபிள்களில் ரவைக்கு அடியில் நடுவே, தட்டினால் பற்றிக்கொள்கிற மருந்தோடு ஒரு மூடி இருக்கும், ஊசி அதைத்தான் தட்டும். நம் பாயின்ட் டூ டூவில் அந்த மருந்து அடி விளிம்பின் உட்புறம் வட்டமாகப் பரவியிருக்கும். ஆயிரக்கணக்கில் கொட்டுகிற மலிவு ரவையில் ஒரு பக்கம் மருந்து பரவாமல் விட்டிருந்தால், ஊசி அங்கே தட்டியதும் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. வெடித்தாலும், உள்ளே இருக்கிற வெடிமருந்து கொஞ்சம் குறைவாக இருந்தால் போல்ட் முழுதாகப் பின்னால் போகாது. காலி உறை வெளியே போக முடியாமல் வாசலில் நட்டுக்கொண்டு நிற்கும். இதற்கு இங்கே 'அடுப்புப் புகைக்குழாய்' என்று பெயர். பார்த்தால் அப்படியேதான் இருக்கும்.

இன்னொரு தொல்லை அந்த விளிம்பு. ரவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேலே இருக்கிறதன் விளிம்பு கீழே இருக்கிறதன் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு தள்ளினாலும் நகராது. ரூகரின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான். பத்து ரவை கொள்கிற அதன் மேகசினுக்குள், அதாவது ரவை போடுகிற டப்பாவுக்குள், ஒரு சக்கரம் சுழலும். திருவிழா ராட்டினத்தில் ஆளுக்கொரு தொட்டில் மாதிரி, ரவைக்கு ஒரு பள்ளம். ஒன்று இன்னொன்றைத் தொடுவதே இல்லை. அறுபது வருஷமாக அந்தத் துப்பாக்கி நிற்பதற்குப் பாதிக் காரணம் அந்தக் கைக்கடக்கமான டப்பாதான் என்பது என் எண்ணம்.

ஆகவே புதிதாக யார் வந்தாலும் முதல் கேள்வி, "ரூகர் மேகசின் இதில் போகுமா?" வின்செஸ்டர் கம்பெனி தன் வைல்ட்கேட் ரைஃபிளை 2019-ல் அறிவித்தபோது இதைப் புரிந்துகொண்டுதான் வந்தது. போட்டிக்காரனின் மேகசின் தன் துப்பாக்கியில் பொருந்தும்படி செய்துவிட்டது. மானம் போனாலும் வியாபாரம் பிழைத்தது. எல்லார் பையிலும் நாலைந்து பழைய மேகசின் கிடக்கிறது, அதைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்?

மார்லின் மாடல் 60 என்று ஒன்று இருந்தது, 1960-ல் வந்தது. குழலுக்குக் கீழே நீளமான குழாய், அதற்குள் வரிசையாக ரவை. ஒரு கோடிக்கு மேல் விற்றது. ஏழை எளியவரின் துப்பாக்கி அதுதான். அந்தப் பெயர் கைமாறி, 2020-ல் ரூகரே மார்லினை வாங்கிவிட்டது. கிழவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரலே மாறும். ரெமிங்டனின் நைலான் 66 இன்னொன்று, 1959-ல் வந்தது, தோளில் வைக்கிற கட்டை முழுக்க நைலான். அந்தக் கம்பெனி ஆள் ஒருவர் மேலே எறிந்த மரக்கட்டைகளைச் சுட்டுக்கொண்டே போனார். 1,00,010 கட்டைகளில் ஆறுதான் தப்பியதாம். விளம்பரத்துக்குச் செய்தது என்றாலும், அத்தனை ரவை சிக்கல் இல்லாமல் ஓடியிருக்கிறதே! இப்போது மேசையில் உட்கார்ந்து ஆளாளுக்குக் கேட்பதும் அதைத்தான்.

எனக்கே அனுபவம் உண்டு. நண்பர் ஒருவரின் மலிவு ரைஃபிளை ஒரு நாள் வாங்கிச் சுட்டேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஐம்பது ரவையில் ஒன்பது முறை சிக்கியது. ஒவ்வொரு முறையும் மேகசினைக் கழற்று, போல்ட்டை இழுத்துப் பிடி, விரல் நகத்தால் உறையை நோண்டி எடு. கடைசியில் கட்டைவிரல் நகம் கருத்துப் போய் ஒரு மாதம் இருந்தது. 'நூற்றைம்பது டாலருக்கு இதுக்கு மேல என்ன எதிர்பார்ப்பே' என்றார் அவர். நான் ஒன்றும் சொல்லவில்லை.

விலைக் கணக்கை யாரும் முழுதாகப் போடுவதில்லை, அதுதான் வேடிக்கை. ரவை ஒன்று ஏழெட்டு சென்ட். ஞாயிறுக்கு இருநூறு சுட்டால் பதினைந்து டாலர், வருஷத்துக்கு எழுநூறுக்கு மேல். துப்பாக்கியில் ஐம்பது டாலர் மிச்சம் பிடித்து, அது நல்ல ரவை மட்டும்தான் தின்னும் என்றால் அந்த மிச்சம் மூன்று மாதத்தில் போய்விடும். இன்னொரு கூத்து: முந்நூறு டாலருக்கு வாங்கி அறுநூறு டாலருக்கு ஒட்டுப்போடுகிறவர்கள். ரூகரில் கட்டையை எடுத்துவிட்டு இரண்டு திருகாணியைக் கழற்றினால் குழல் கையோடு வந்துவிடும். சட்டப்படி நடுப்பகுதி ஒன்றுதான் 'துப்பாக்கி', அதில்தான் எண் பொறித்திருக்கும். மற்றதெல்லாம் தபாலில் வரும். எங்கள் ரேஞ்சில் ஒரு பஸ் மெக்கானிக் குழல், கட்டை, டிரிக்கர், போல்ட் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, "ரூகர் அருமையான துப்பாக்கி" என்கிறார்.

டிரிக்கர் பற்றி அவர் சொல்வதில் ஞாயம் இருக்கிறது. மலிவுத் துப்பாக்கியில் டிரிக்கர் இழுக்க இழுக்க வரும், எப்போது விடும் என்று தெரியாது. அதற்குள் குறி நகர்ந்திருக்கும். கண் விஷயமும் அப்படித்தான். நமக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குறி பார்க்கக் குழல் முனையில் இருக்கும் மணியைப் பார்த்தால் பின்னால் இருக்கும் பள்ளம் மங்குகிறது. வட்டத் துளை வழியாகப் பார்க்கிற குறியை, நம் முகாம் ரைஃபிளில் இருந்தது மாதிரி, கடையிலேயே பொருத்தித் தந்தால் என்ன கெட்டுவிடும்? ஸ்கோப் (குறி பார்க்கிற தொலைநோக்கி) மாட்டப் பட்டையும் கூடவே வேண்டும். இரண்டையும் தர வேண்டும் என்பதில் மேசையில் மறுபேச்சே இல்லை.

நான் கேட்டது வேறொன்று: கடைசி ரவை போனதும் போல்ட் திறந்தே நிற்க வேண்டும். ரேஞ்ச் அதிகாரி நிறுத்தச் சொல்லிக் கூவினால், எல்லாரும் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, வாசலில் மஞ்சள் பிளாஸ்டிக் கொடி சொருகி, இரண்டு எட்டுப் பின்னால் நிற்க வேண்டும். ரூகரில் கடைசி ரவைக்கு அப்புறம் போல்ட் தானாக மூடிக்கொள்ளும். காலியா இல்லையா என்று வெளியே தெரியாது. திறந்து நிறுத்த ஒரு சின்னப் பட்டையை ஒரு கையால் அழுத்தி, மறு கையால் இழுக்க வேண்டும். என் பெண்ணுக்குப் பதினான்கு வயது. அவள் அந்தப் பட்டையோடு மல்லுக்கட்டுகிற ஒவ்வொரு முறையும் குழல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்றே என் கண் பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அவள் இடக்கை. உறை வெளியேறும் வாசல் வலப்பக்கம் என்பதால், இடத் தோளில் வைத்துச் சுட்டால் புகையும் கரித்தூளும் முகத்துக்கு நேரே வரும். அவளுக்குக் கண்ணாடி போட்டு, கழுத்துப் பட்டன் வரைக்கும் மாட்டிவிட்டுத்தான் உட்கார வைக்கிறேன். போன வாரம் ஒருவரின் வைல்ட்கேட்டைக் கொடுத்துப் பார்த்தேன். ரூகர் இரண்டேகால் கிலோ என்றால் இது இரண்டுக்கும் கீழே. சேஃப்டி பட்டனை இடக்கைக்கு மாற்றிக்கொள்ளலாம், மேகசினை எந்தக் கையாலும் கழற்றலாம், அடிப்பகுதியை ஒரு பொத்தானில் வெளியே எடுத்துக் குழலைப் பின்னாலிருந்தே துடைக்கலாம். கையில் எடுத்தவள், "அப்பா, இது கை வலிக்கலை" என்றாள். மேசைச் சபையின் பட்டியலில் இந்த வரி இல்லவே இல்லை.

நவம்பரில் அவளை ஆப்பிள்சீட் என்கிற ரைஃபிள் சுடும் பயிற்சிக்கு அழைத்துப் போகிறேன். இருபத்தைந்து மீட்டர் தூரத்தில், நின்று, உட்கார்ந்து, படுத்து நாற்பது ரவை. 250-க்கு 210 எடுத்தால் துணியில் தைத்த ஒரு பட்டை தருவார்கள். நடுவில் மேகசின் மாற்ற வேண்டும், நேரக் கணக்கும் உண்டு. ஆகவே அதற்குள் எதையாவது வாங்கியாக வேண்டும். புதுக் கம்பெனிக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

நீ ஜனவரியில் வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டுவிட்டாயா? வரும்போது வேறொன்றும் வேண்டாம், உன் அம்மா கையால் இடித்த பருப்புப் பொடி மட்டும். அப்புறம் ஒன்று. முப்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது, ஹவில்தாரும் ஓய்வு பெற்றிருப்பார். அந்தக் காலி உறையை நீதானே காலணிக்குள் போட்டுக்கொண்டாய்? இப்போதாவது சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்