கணித ஆசிரியரை ஆறாம் தரத்துக்கு அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினோராம் தர முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் மலையகத் தோட்டப் பிள்ளைகள் கணிதத்தில் பின்தங்குவது பற்றிப் போன ஞாயிறு இதழில் வந்திருந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். பெறுபேறு வரும் காலமெல்லாம் இப்படி ஒன்று வரும். வரட்டும், வரத்தான் வேண்டும். ஆனால் கட்டுரையாளர் கடைசியில் கேட்டிருப்பது பத்தாம், பதினோராம் தரங்களுக்கு இன்னும் கூடுதலான மாலை வகுப்பும் இன்னும் கூடுதலான மாதிரி வினாத்தாளும்தான். முப்பத்திரண்டு வருடம் தோட்டப்புறப் பாடசாலைகளில் கணிதம் படிப்பித்தவன் நான். அடுப்படியில் பிடித்த நெருப்புக்கு வாசலில் நின்று தண்ணீர் ஊற்றுகிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று ஞாயிறு பின்னேரங்களில் என்னிடம் வரும். பத்தாம் தரம். "கணக்கு வரவே வராது சேர்" என்று அவளுடைய அம்மாதான் கொண்டுவந்து விட்டார். முதல் நாள் புத்தகத்தைத் திறக்கவில்லை. அம்மா தேயிலைக் கொழுந்து எடுப்பதைப் பற்றிக் கேட்டேன். அவள் விரல்கூட மடக்காமல் சொன்னாள்: "காலையில ஏழு, மத்தியானம் எட்டு, பின்னேரம் ஆறு. இருபத்தொன்னு. ஒவ்வொரு நிறுவைக்கும் சாக்குக்கும் தண்ணிக்கும்னு ரெண்டு ரெண்டு கிலோ கழிச்சா பதினைஞ்சு. பதினெட்டு இருந்தாத்தான் பேர், முழு நாள் சம்பளம். மூணு பத்தல." கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே இன்னொன்றும் சொன்னாள்: "பின்னேரக் கொழுந்துலதான் சேர் ரொம்ப நட்டம். கொஞ்சமாத்தான் இருக்கும், கழிக்கிறது மட்டும் அதே ரெண்டு."

எந்தத் தோட்டம் என்று எழுதவில்லை. அந்த வழக்கு வேறு, அதைத் தொழிற்சங்கம் பார்க்கட்டும். எனக்கு வேண்டியது அந்தக் கடைசி வாக்கியம். எட்டில் இரண்டு போனால் கால் பங்கு, ஆறில் இரண்டு போனால் மூன்றில் ஒரு பங்கு. பின்னத்தின் பகுதி சிறுத்தால் அதே இரண்டு பெரிதாகும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே.

அப்புறம் கொப்பியைக் கொடுத்து 1/2 + 1/3 எழுதச் சொன்னேன். தயங்காமல் 2/5 என்று எழுதினாள்.

இந்தப் பிழையை என் காலத்தில் நூறு தடவையாவது சிவப்புப் பேனாவால் வெட்டியிருப்பேன். ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் கேட்க நேரம் வந்தது. "ஏம்மா இப்படிக் கூட்டின?" என்றேன். பையிலிருந்து தவணைப் பரீட்சை விடைத்தாளை எடுத்து நீட்டினாள். முதல் வினாவுக்கு ஆசிரியர் போட்டிருந்த புள்ளி 1/2, அடுத்ததற்கு 1/3, இரண்டையும் கூட்டி ஓரத்தில் 2/5. "நீங்களும் இப்பிடித்தானே சேர் கூட்டுவீங்க?"

எனக்குப் பேச்சு வரவில்லை. பிள்ளைகள் பின்னம் என்று கண்ணால் அதிகம் பார்ப்பது பாடப் புத்தகத்தில் இல்லை, நாங்கள் போடும் புள்ளியில். ஒன்றாம் வகுப்பிலிருந்து மேலோடு மேலையும் கீழோடு கீழையும் கூட்டிக் காட்டிக்கொண்டே இருக்கிறோம். அது பின்னமே இல்லை, இத்தனைக்கு இத்தனை என்ற பதிவு மட்டும்தான் என்று எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் அவருக்கு என் வணக்கம்.

சரி, ரொட்டிக்கு வந்தோம். "அரை ரொட்டி சாப்பிட்டுட்டு இன்னும் மூணுல ஒரு பங்கு சாப்பிட்டா, அரையை விடக் கூடுமா குறையுமா?" கூடும் என்றாள். "2/5 அரையை விடக் கூடவா?" ஐந்து ரொட்டியில் இரண்டு என்று தனக்குள் முணுமுணுத்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொது மடங்கு, சமவலுப் பின்னம் எல்லாம் அதற்குப் பிறகு அரை மணித்தியாலத்து வேலை.

இந்த அரை மணித்தியாலம் அவளுக்கு ஆறாம் தரத்திலேயே கிடைத்திருக்க வேண்டும். ஏன் கிடைக்கவில்லை? நேர அட்டவணை போடும் நாளில் எந்த ஆசிரியர் அறைக்கும் போய்ப் பாருங்கள், தெரியும். தோட்டப்புறப் பாடசாலையில் கணிதம் பயின்ற ஆசிரியர் ஒருவர் இருந்தால் பெரிய விசயம். அவரை அதிபர் பத்துக்கும் பதினொன்றுக்கும் போடுவார். அதிபரைக் குறை சொல்லவும் முடியாது. கல்வி வலயக் கூட்டத்தில் அவரிடம் கேட்பது சாதாரண தரச் சித்தி எத்தனை என்றுதான், ஆறாம் தரப் பிள்ளைக்குப் பின்னம் விளங்கியதா என்று யாரும் கேட்பதில்லை. ஆறுக்கும் ஏழுக்கும் யாருக்குப் பாடவேளை குறைகிறதோ அவர் போவார். சமயம் படிப்பிக்கிறவர் போவார், சித்திரம் படிப்பிக்கிறவர் போவார். ஒரு காலத்தில் மாதம் 6,000 ரூபாக் கொடுப்பனவில் ஆசிரிய உதவியாளராக வந்த பிள்ளைகளையும் இப்படித்தான் தள்ளிவிட்டோம். பாவம், அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். குறுக்கே பெருக்கு, கீழே பெருக்கு, சயவும் சயவும் சக (கழித்தலும் கழித்தலும் பெருகினால் கூட்டல்). ஏன் என்று கேட்கிற பிள்ளையை உட்காரச் சொல்லிவிட்டால் பாடம் முடிந்துவிடும்.

இப்படி நான்கு வருடம் கழித்துப் பத்தாம் தரத்தில் அந்தப் பிள்ளை கணித ஆசிரியரிடம் வந்து சேரும்போது, அட்சரகணிதப் பின்னத்தைச் சுருக்கச் சொல்கிறோம். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டத் தெரியாத பிள்ளை x-ஐ வைத்து எப்படிக் கூட்டும்? அப்போது ஆசிரியருக்கு ஒரே வழிதான் மிஞ்சும், தப்பிக்கும் கணக்கு. முதலாம் வினாத்தாளில் 25 சிறு வினா, ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. அதில் பாதியைத் தேற்றிக்கொள், தொடையும் (கணங்கள்) நிகழ்தகவும் மீடிறன் அட்டவணையும் பாடமாக்கிக்கொள், தேற்றம் நிறுவுகிற பக்கமே போகாதே, எப்படியும் 35 வரும், சாதாரண சித்தியான 'எஸ்' போதும். நானும் பல வருடம் இதைச் சொன்னவன்தான். பல பிள்ளைகள் தப்பியும் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அப்படித் தப்பியவர்களில் உயர்தரத்தில் கணிதப் பிரிவுக்குப் போனவர் என்று எனக்கு ஒருவரைக்கூட நினைவில்லை.

கட்டுரையாளர் இன்னொன்றும் எழுதியிருந்தார்: பாடநூலில் கடலும் கப்பலும் கலங்கரை விளக்கமுமாக இருக்கிறது, தோட்டப் பிள்ளைக்கு அது ஒட்டாது என்று. பாதிதான் ஒத்துக்கொள்வேன். எல்லாக் கணக்கையும் கொழுந்துக் கணக்காக்கிவிட்டால் பிள்ளையை மறுபடி மலைக்குத்தான் அனுப்புகிறோம். மேலிருந்து கீழே பார்க்கும் இறக்கக் கோணத்துக்குக் கப்பல் இருக்கட்டும், கடலையும் தெரிந்துகொள்ளட்டும். ஆனால் படித்திறன் (சரிவின் அளவு) படிப்பிக்கும் நாளில் ரயில் பாதையைக் காட்டாமல் விடுவது சோம்பேறித்தனம். மலைநாட்டுப் பாதை செங்குத்தாக ஏறும் இடங்களில் 44 மீற்றருக்கு 1 மீற்றர் என்ற கணக்கில் போகிறது. பாகையில் சொன்னால் 1.3தான். எங்கள் குறுக்குப் பாதையில் ஒரு பிள்ளை ஏறும் சரிவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை, ஆனாலும் இஞ்சின் மூச்சு வாங்கும். ஏன் என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு தூங்காது. அதுபோல தோட்டத் தொழிலாளரின் வீட்டுக் காணிக்கு 7 பேர்ச்சஸ் என்று முன்பு அடிக்கடி பேசினோமே, ஒரு ஏக்கரில் 160 பேர்ச்சஸ் என்பதை வைத்து அந்தக் காணியின் அளவை மைதானத்தில் கயிறு பிடித்து அளந்து காட்டலாம். நான் ஒரு தடவை செய்தேன். பிள்ளைகள் கயிற்றுக்குள் நின்று "இவ்வளவுதானா சேர்?" என்று கேட்டார்கள். அதற்கு நான் கணித ஆசிரியராகப் பதில் சொல்லவில்லை.

நான் கேட்பது காசு செலவாகாத ஒரு காரியம். ஒரேயொரு கணித ஆசிரியர் உள்ள பாடசாலையில் அவருடைய பாடவேளைகளில் ஒரு பகுதியையாவது ஆறாம் தரத்துக்குக் கட்டாயமாக்குங்கள். பத்தாம் தரத்தில் இடையில் விழும் ஓட்டையை மாலை வகுப்பு பார்த்துக்கொள்ளட்டும். அதற்குத்தான் ஓய்வுபெற்றவர்கள் நாங்கள் சும்மா இருக்கிறோம். முதல் இரண்டு வருடம் சித்தி வீதம் கொஞ்சம் இறங்கலாம், மறைக்கவில்லை. அதைத் தாங்கிக்கொள்ள அதிபருக்கு மேலிடம் துணை நிற்க வேண்டும். இது அதிபர்கள் தனியாக எடுக்கிற முடிவில்லை. பிறகு, விடைத்தாளில் புள்ளியை 1/2 என்று போடாமல், "2க்கு 1" என்று எழுதிப் பாருங்கள். இதற்குச் சுற்றறிக்கைகூடத் தேவையில்லை.

அந்தப் பிள்ளை இன்னும் வருகிறது. போன ஞாயிறு வகுத்தலுக்கு வந்தோம். "ஏன் சேர் தலைகீழாத் திருப்பிப் பெருக்கணும்?" என்று கேட்டாள். அரை ரொட்டிக்குள் எத்தனை கால் ரொட்டி என்று கேட்டால் உடனே இரண்டு என்கிறாள். ஆனால் 2/3-ஐ 3/4-ஆல் வகுக்கும்போது ரொட்டி கை கொடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று அனுப்பியிருக்கிறேன். சதுரக் கோட்டுக் கொப்பியும் கத்தரிக்கோலும் மேசையில் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தலவாக்கலை.