அந்தப் பெரியவரின் பெயர் என்ன?

நாகப்பட்டினம்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

நானும் அம்மாவும் நலம். குவாஹாட்டியிலிருந்து நீ அனுப்பிய பதினொரு படங்களையும் இரண்டு நாட்களாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிரம்மபுத்திராவின் கரைமேட்டில், தார்ப்பாய்க்கு அடியில், மடியில் ஆட்டுக்குட்டியுடன் அமர்ந்திருக்கும் பெரியவர் என் கண்ணை விட்டு அகலவில்லை. ஒளி பக்கவாட்டில் விழும் வரை காத்திருந்து, அவருடைய கண் மட்டத்துக்குக் குனிந்து எடுத்திருக்கிறாய். முப்பது ஆண்டுகள் பத்திரிகைக்குப் படம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது நல்ல படம். ஆனால் அதன் கீழே "வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட முதியவர்" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். அவருடைய பெயர் என்ன, அம்மா?

1936 மார்ச்சில், கலிபோர்னியாவின் நிபோமோ என்னும் ஊரில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரோதியா லாங் எடுத்த தாயின் படத்தை நீ வகுப்பில் பார்த்திருப்பாய். அங்கே பத்து நிமிடம்தான் இருந்ததாகவும், அந்தப் பெண்ணின் பெயரையோ கதையையோ கேட்கவில்லை என்றும் லாங்கே பின்னாளில் எழுதினார். அவர் அலட்சியக்காரர் அல்லர். எளிய மனிதர்கள் சொன்ன சொற்களை அப்படியே குறித்துவைக்கும் பழக்கம் உள்ளவர். அப்படிப்பட்டவருக்கே ஒரு நாள் தவறியது. வண்டியின் டயரை விற்று உணவு வாங்கினார்கள் என்று அவர் எழுதியதை அந்தக் குடும்பம் பிற்காலத்தில் மறுத்தது. படங்கள் நாளிதழில் வந்ததும் அரசு அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு எடையுள்ள உணவு அனுப்பியது. அதற்குள் அந்தத் தாய் பிள்ளைகளோடு வேறிடம் போய்விட்டார். அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகம் அறிய 1978 வரை, அதாவது 42 ஆண்டுகள் ஆயின. தன் பெயரைக்கூட லாங் கேட்கவில்லையே என்று அந்த அம்மையார் அப்போது வருத்தப்பட்டார்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டேன். 2004 சுனாமியின் மூன்றாம் நாள், அக்கரைப்பேட்டையில், உடைந்த படகின் அருகே ஒரு பெண் சிறு செருப்பு ஒன்றைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் அழுகைக்குள் போகக் கூசி, இருபதடி தள்ளி நின்று ஜூம் லென்ஸில் எடுத்துவிட்டு, ஊர்ப் பெயரை மட்டும் அலுவலகத்துக்குச் சொல்லி நகர்ந்துவிட்டேன். மறுநாள் "குழந்தையை இழந்த தாய்" என்று அச்சாகியிருந்தது. குழந்தை உயிரோடு ஒரு கல்யாண மண்டபத்து முகாமில் இருந்தது. பத்திரிகையைப் பார்த்த உறவினர்கள் வெளியூரிலிருந்து மாரடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அவளுடைய அண்ணன் என்னைத் தேடி வந்து, "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா சார்?" என்றார். திருத்தம் போடச் சொல்லி எழுதினேன், போடவில்லை. கூச்சத்தை நான் அன்று மரியாதை என்று எண்ணியிருந்தேன்.

எந்த லென்ஸ் வாங்குவது என்று கேட்டிருந்தாய். 35 மி.மீ. வாங்கு. தொலைவிலிருந்து எடுக்கும் 70-200 ஜூம் இல்லாமல் ஊர்வலமும் விளையாட்டும் முடியாது என்பது உண்மைதான். அதை அலுவலகத்தில் இரவல் கேட்டுக்கொள். 35-இல் முகம் நிறைய வேண்டுமானால் கை எட்டும் தொலைவுக்குப் போயாக வேண்டும். அவ்வளவு அருகே போய்விட்டுப் பேசாமல் திரும்ப முடியாது. முதலில் எடு, பிறகு கேள். முன்பே கேட்டால் அவர்கள் சட்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்துவிடுவார்கள். நடந்ததை மறுபடி நடித்துக்காட்டச் சொல்லாதே. பெயர், வயது, ஊர், நேரம் நான்கையும் அங்கேயே எழுதிவிடு. எழுதத் தெரிந்தவர் என்றால் உன் குறிப்பேட்டில் அவர் கையாலேயே எழுதச் சொல். பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2012 போக்சோ சட்டம் தடுக்கிறது. அங்கே முகமும் வேண்டாம், தெருப் பெயரும் வேண்டாம். பெயர் வெளியே தெரிந்தால் ஆபத்து என்று ஒருவர் அஞ்சினாலும் அப்படியே.

மொழி தெரியவில்லை என்று நீ சொல்வாய் என்பதால், நம் தெரு முனைப் பரோட்டாக் கடையில் வேலை செய்யும் அசாம் பையனிடம் நேற்றுப் போய்க் கேட்டேன். "ஆபுனார் நாம் கி?" என்று கேட்க வேண்டுமாம். நான் சொல்லிப் பழகியதைக் கேட்டு மூன்று முறை திருத்தினான். அந்தப் படத்தை அச்செடுத்து எடுத்துக்கொண்டு, தண்ணீர் வடிவதற்குள் கரைமேட்டுக்குப் போய், அவரிடம் கொடுத்துவிட்டுக் கேள். ஆட்டுக்குட்டிக்குப் பெயர் இருந்தால் அதையும் எழுதி அனுப்பு, அம்மா கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா